மந்தக் காலத்தில் மொரிஷியஸில் ஹிட்டாச்சி, ஜேசிபி வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரத்துக்கு நாலைந்து பேராவது ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் வருகிறார்கள். "அண்ணே, இங்க வண்டி ஓடறதில்ல, மாசத்துல பத்து நாள் சும்மா நிக்குது. அங்க ஏதாவது இருக்கா?" ஒவ்வொருவருக்கும் வாய்ஸ் நோட் போட்டு எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அதனால் மொத்தமாக எழுதிவைக்கிறேன்.

நான் சங்ககிரிப் பக்கம். ஜேசிபியில் ஹெல்பராக ஏறி, அப்புறம் துபாய், 2017-லிருந்து மொரிஷியஸ். பல வருடம் எக்ஸ்கவேட்டர் ஓட்டிவிட்டு இப்போது மெஷின்களையும் ஆபரேட்டர்களையும் பார்த்துக்கொள்கிற வேலையில் இருக்கிறேன். ஏஜென்ட் கிடையாது. ஆள் எடுத்துத் தருவதும் இல்லை.

எல்லா நாட்டிலும் வேலை மந்தம் என்கிறார்களே, இந்த நேரத்தில் வெளிநாட்டு வேலை கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் நீங்கள் தோண்டப்போகிற பள்ளத்துக்குக் காசு கொடுப்பது யார் என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

2008 கடைசியில் நான் துபாயில் ஒரு வில்லா சைட்டில் இருந்தேன். அமெரிக்காவில் ஏதோ பேங்க் விழுந்தது என்று டிவியில் சொன்னார்கள். நமக்கென்ன என்று இருந்தோம். ஒருநாள் காலை டீசல் டேங்கர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் சைட் எஞ்சினியர் ஃபோனை எடுக்கவில்லை. சம்பளம் நின்றது அதற்கும் ஒன்றரை மாதம் கழித்துத்தான். அன்றிலிருந்து எந்த சைட்டுக்குப் போனாலும் முதலில் டீசல் டேங்கில் அளவு பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

அதே மாதங்களில் என் ரூமில் இருந்த திருச்செங்கோட்டுத் தம்பிக்கு ஓ.டி. (கூடுதல் நேர வேலை) குறையவே இல்லை. அவன் இருந்தது துபாய் மெட்ரோ வேலையில். சொன்ன தேதிக்கு, 2009 செப்டம்பரில், அதைத் திறந்தும் விட்டார்கள். இரண்டு பேருக்கும் ஒரே ஊர், ஒரே மெஷின், சம்பளம்கூட எனக்குத்தான் நூறு திர்ஹாம் அதிகம். நான் தோண்டிய குழி, வில்லாவை முன்பணம் கொடுத்து வாங்கியவர்களின் காசில் ஓடியது. அவன் தோண்டியது அரசாங்கத்தின் காசில்.

சரி, மொரிஷியஸில் எந்த வேலை முதலில் நிற்கும், எது நிற்காது?

முதலில் நிற்பது ஹோட்டல் வேலையும், வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்கிற வில்லா வேலையும். 2015-இல் ஸ்மார்ட் சிட்டி திட்டம் என்று கொண்டுவந்த பிறகு கரும்புக் காடுகளில் நிறைய வில்லா முளைத்தது. நல்ல காலத்தில் மெஷின்களுக்கு நல்ல தீனி. ஆனால் 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லையை மூடினார்கள், முழுதாகத் திறந்தது 2021 அக்டோபர் 1-இல். 2020-இல் மட்டும் நாட்டின் உற்பத்தி சுமார் 15 விழுக்காடு விழுந்தது. சுற்றுலாவை நம்பிய நாடு, விமானம் வராவிட்டால் என்ன ஆகும்? நீச்சல் குளத்துக்குத் தோண்டிய குழிகளில் மழைத் தண்ணீர் நின்று தவளை கத்தியது.

நிற்காதது வடிகால் வேலை. 2013 மார்ச் 30-ஆம் தேதி தலைநகர் போர்ட் லூயிஸில் திடீர் வெள்ளம் வந்து 11 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோதும் தலைநகரில் கார்கள் தண்ணீரில் மிதந்தன. வடிகாலுக்கென்றே ஒரு ஆணையம் வைத்திருக்கிறார்கள். எந்தக் கட்சி வந்தாலும் அந்தச் செலவில் கைவைக்கத் தயங்கும். அடுத்தது சாலை, பாலம், தண்ணீர்க் குழாய். இந்தியாவின் நிதியுதவியிலும் கடனிலும் நடக்கிற வேலைகளும் உண்டு. மெட்ரோ எக்ஸ்பிரஸ் ரயில் வேலை அப்படித்தான் 2017-இல் தொடங்கி, 2022-இல் கியூர்பிப் நகர் வரை போனது. வடக்கே ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி அகலேகா தீவில் போட்ட விமான ஓடுதளமும் படகுத் துறையும் இந்தியச் செலவுதான். 2024 பிப்ரவரியில் திறந்தார்கள்.

அரசாங்க வேலை என்றதும் கண்ணை மூடிக்கொண்டு வந்துவிடவும் கூடாது. இங்கே அரசுக் கடன் 2025-இல் நாட்டின் உற்பத்தியில் கிட்டத்தட்ட 90 விழுக்காடு. கஜானா இறுகும்போது பில் தாமதமாகும், மெயின் கான்ட்ராக்டர் தாங்குவார், சப் கான்ட்ராக்டர் தாங்க மாட்டார். எனவே மூன்று கேள்வி கேளுங்கள்: வேலை எது, கம்பெனி மெயினா சப்பா, இன்னும் எத்தனை மாத வேலை கையில் இருக்கிறது. பதில் சொல்லத் தயங்கினால் அதுவே பதில்.

அந்த ஊர் மண் எப்படி? நம்மூரில் ஓட்டியவனால் சமாளிக்க முடியுமா?

இதைக் கேட்பவன்தான் உண்மையான ஆபரேட்டர். பெரும்பாலும் எல்லோரும் சம்பளத்தைத்தான் கேட்பார்கள்.

எரிமலைத் தீவு இது. மேலே நல்ல செம்மண் தெரியும், சேலத்துக் காடு மாதிரியே இருக்கும். இரண்டு பக்கெட் எடுத்தால் மூன்றாவதில் "டங்" என்று நிற்கும். கருங்கல். சில இடத்தில் உருண்டைப் பாறை, சில இடத்தில் தளம் போட்டதுபோல ஒரே பாளம். கரும்புக் காட்டுக்கு நடுவே கல் குவியல்கள் பார்ப்பீர்கள், வீட்டு உயரத்துக்கு. ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்த நம் ஆட்கள் கையால் பொறுக்கி அடுக்கியவை அவற்றில் ஏராளம். கரும்பு வெட்டும் மெஷின் இறங்குவதற்காக அதே காடுகளில் மிச்சக் கல்லை இப்போது டோசரும் எக்ஸ்கவேட்டரும் வைத்துப் பெயர்க்கிறார்கள். முதல் தடவை ஒரு குவியலைப் பக்கெட்டால் கலைக்கச் சொன்னபோது எனக்குக் கை வரவில்லை. ஃபோர்மேன் கத்திய பிறகுதான் கலைத்தேன்.

எனவே பிரேக்கர் (பக்கெட்டுக்குப் பதிலாக மாட்டுகிற, பாறை உடைக்கும் உளிக் கருவி) அடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். நம் பையன்கள் செய்கிற தப்பு மூன்று. உளியைச் சாய்த்து அடிப்பார்கள். பாறை உடையும்வரை ஒரே புள்ளியில் நிமிடக் கணக்கில் அடிப்பார்கள், உளி முனை சூடேறி மழுங்கிவிடும். அப்புறம் உடைந்த கல்லை அந்த உளியாலேயே நெம்புவார்கள். சரியான முறை இது: உளி பாறைக்கு நேர்குத்தாக நிற்கட்டும், மெஷினின் முன்பக்கம் லேசாகத் தூக்குகிற அளவுக்கு மேல் கையான பூமை அழுத்துங்கள், கால் நிமிடம் அடித்தும் விரிசல் விழவில்லை என்றால் ஒரு கை அகலம் ஓரத்தை நோக்கி நகர்ந்து அடியுங்கள். பாறை உடைந்த நொடியே பெடலிலிருந்து கால் வர வேண்டும். காற்றில் அடிக்கிற ஒவ்வொரு அடியும் பிரேக்கருக்குள் இருக்கும் போல்ட்டுக்கு விழுகிற அடி. புதிதாக வந்தவனுக்கு நான் இதை மட்டும்தான் உட்கார்ந்து பார்ப்பேன். பத்து நிமிடம் போதும்.

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் காலம். எச்சரிக்கை ஒன்றிலிருந்து நான்கு வரை. மூன்று அறிவித்துவிட்டால் வேலை கிடையாது, எல்லோரும் ரூமுக்கு. அதற்கு முன்னாலேயே மெஷினை ஓடைப் பக்கத்திலிருந்து மேட்டுக்கு ஏற்றி, முன் கையான ஆர்மை உள்ளிழுத்து, பக்கெட்டைத் தரையில் ஊன்றி நிறுத்திவிட வேண்டும்.

டிரேட் டெஸ்டில் என்ன பார்க்கிறார்கள்?

சென்னையிலோ திருச்சியிலோ ஒரு யார்டில் வைத்து எடுப்பார்கள். சாவியைக் கொடுத்ததும் ஏறி ஸ்டார்ட் செய்கிறவன் அங்கேயே தோற்றுவிட்டான், மீதியைச் சும்மா பார்ப்பார்கள். முதலில் மெஷினைச் சுற்றி வாருங்கள். இன்ஜின் ஆயில், ஹைட்ராலிக் ஆயில், கூலன்ட், செயின் தொய்வு, பின்களில் கிரீஸ், ஹோஸில் கசிவு. விரலால் தொட்டுப் பார்க்கிறதைச் சோதிப்பவர் கவனிக்க வேண்டும். பிறகு ஹார்ன் அடித்து, ஆள் இல்லை என்று பார்த்து நகர்த்துங்கள்.

ஜாய்ஸ்டிக் எந்த முறையில் இருக்கிறது என்று கேளுங்கள். நம்மூர் ஹிட்டாச்சியில் வழக்கமாக இடது கையில் சுற்றுவதும் ஆர்மும், வலது கையில் பூமும் பக்கெட்டும். சில மெஷின்களில் பூமும் ஆர்மும் கை மாறியிருக்கும். கேட்காமல் தொட்டால் பக்கெட் போக வேண்டிய திசைக்கு எதிரே போகும். எத்தனை வருட அனுபவமும் அந்த இடத்தில் உதவாது.

டிப்பரில் லோடு போடச் சொல்வார்கள். கேபினுக்கு மேலே பக்கெட்டைக் கொண்டுபோகக் கூடாது, பின்பக்கமாகவோ பக்கவாட்டிலோ சுற்றுங்கள். நம்மூரில் டிரைவர் உள்ளே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்க, அவர் தலைக்கு மேலேயே லோடு போடுகிறோம். இங்கே அது ஒருமுறை நடந்தால் வீட்டுக்கு டிக்கெட். முடித்ததும் பக்கெட்டைத் தரையில் வைத்து, சேஃப்டி லீவரைப் போட்டு, மூன்று நாலு நிமிடம் ஐடிலிங்கில் விட்டு டர்போ ஆறிய பிறகு அணைக்க வேண்டும்.

சர்டிஃபிகேட் இல்லை, ஆனால் பதினைந்து வருட அனுபவம். போதாதா?

நல்ல காலத்தில் போதும். மந்தக் காலத்தில் ஒரு இடத்துக்கு நூறு பேர் நிற்பார்கள், பேப்பர் இல்லாதவனை முதலிலேயே ஒதுக்கிவிடுவார்கள். ஐ.இ.எஸ்.சி. என்கிற உள்கட்டமைப்பு இயந்திரத் திறன் கவுன்சில் ஆபரேட்டர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்று தருகிறது. ஏற்கெனவே ஓட்டத் தெரிந்தவர்களின் அனுபவத்தையும் சோதித்துச் சான்று தருகிறார்கள். லைசென்ஸில் கனரக வண்டிப் பிரிவு இருக்கட்டும். பழைய முதலாளியிடம் அனுபவக் கடிதம் வாங்கும்போது "நன்றாக ஓட்டுவார்" என்று எழுதி வாங்காதீர்கள். எந்த மாடல், எத்தனை டன், எந்த வேலை, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்று இருக்க வேண்டும்.

இன்னொன்று. இரண்டு மெஷின் தெரிந்தவனைத்தான் கம்பெனி கடைசிவரை வைத்துக்கொள்ளும். எக்ஸ்கவேட்டரோடு, சாலை மண்ணைச் சமப்படுத்தும் கிரேடரும் தெரிந்தால் ராஜா. கிரேடருக்கு நல்ல ஆள் எப்போதும் பஞ்சம்.

ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். இந்திய விதிப்படி பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. ஆக 35,400. பதிவு பெற்றவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். "லைசென்ஸ் என் பார்ட்னர் பெயரில் இருக்கிறது" என்பார்கள். அப்படியானால் பார்ட்னரிடமே பேசிக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இருக்கிறது, அங்கே வருகிற அறிவிப்புகளையும் பாருங்கள்.

மொரிஷியஸுக்கென்றே ஒரு ஏமாற்று உண்டு. இந்தியர்கள் சுற்றுலாவுக்கு இங்கே வர முன்கூட்டி விசா எடுக்க வேண்டியதில்லை. அதை வைத்து, "டிக்கெட் போட்டு அனுப்புகிறேன், பெர்மிட் அங்கே போனதும் போட்டுக்கொள்ளலாம்" என்பார்கள். ஏர்போர்ட்டில் ஆபரேட்டர் கையைப் பார்த்தாலே அதிகாரிக்குத் தெரிந்துவிடும், திருப்பி அனுப்பிவிடுவார். தப்பித்து உள்ளே வந்துவிட்டால் இன்னும் மோசம்: சுற்றுலாவில் வந்தவன் வேலை செய்தால் குற்றம், சம்பளம் தராவிட்டால் புகார் கொடுக்கவும் பயம். முறையான வழியில் கம்பெனிதான் இங்குள்ள தொழிலாளர் அமைச்சகத்தில் உங்கள் பெயருக்கு வேலை பெர்மிட் வாங்க வேண்டும். ரெசிடென்ஸ் பெர்மிட் தனி. மெடிக்கலில் எக்ஸ்ரே, ஹெபடைடிஸ், எச்ஐவி எல்லாம் பார்ப்பார்கள். பெர்மிட் நகல் கைக்கு வராமல் வீட்டில் வழியனுப்பு விருந்து வைக்காதீர்கள்.

என்னுடையது இ.சி.ஆர். பாஸ்போர்ட். பிரச்சினையா?

மொரிஷியஸுக்கு இல்லை. இ.சி.ஆர். என்றால் வேலைக்குப் போகுமுன் அரசிடம் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும் என்கிற கட்டுப்பாடு, அது வளைகுடா, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு மட்டும். அனுமதி வாங்கும் தொல்லை இல்லையே என்று சந்தோஷப்படலாம். ஆனால் அந்த அனுமதியின்போது ஒப்பந்தத்தை ஒரு அரசு அதிகாரி பார்ப்பார் இல்லையா, அதுவும் இங்கே கிடையாது. நீங்களேதான் படிக்க வேண்டும்.

சம்பளம் எவ்வளவு கேட்கலாம்?

எண்ணைச் சொல்லமாட்டேன். ஒப்பந்தத்தை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன்.

"மொத்தம் 32,000" என்று ஏஜென்ட் சொன்னால் அதில் பேசிக் எவ்வளவு என்று கேளுங்கள். 2025-இல் இங்கே குறைந்தபட்ச மாதச் சம்பளம் 17,110 மொரிஷியஸ் ரூபாய். ஆபரேட்டரின் பேசிக் அதற்கு மேலே இருக்க வேண்டும், ஓ.டி.யும் அதிலிருந்துதான் கணக்கு. வாரம் 45 மணி நேரம், அதாவது மாதம் சராசரி 195 மணி. பேசிக் 20,000 என்றால் மணிக்கு 102 ரூபாய் சொச்சம். ஓ.டி.க்கு ஒன்றரை மடங்கு என்றால் சுமார் 154. மாதம் 40 மணி ஓ.டி. கிடைத்தால் ஆறாயிரம் சேரும். அரசு விடுமுறை நாளில் வேலை செய்தால் இரட்டைச் சம்பளம்.

இப்போது மந்தக் காலத்தில் என்ன நடக்கும்? ஆளை உடனே அனுப்பமாட்டார்கள், ஓ.டி.யை வெட்டுவார்கள். 26,000 எதிர்பார்த்து ஊரில் சீட்டு கட்டியவன் 20,000-த்தில் முழிப்பான். அதனால் பேசிக்கை மட்டும் வைத்துக் கடன் கணக்குப் போடுங்கள். வருடக் கடைசியில் ஒரு மாதச் சம்பளம் போனஸாக வரும், அது சட்டம்.

நாணய மதிப்பையும் பாருங்கள். 2020 தொடக்கத்தில் ஒரு மொரிஷியஸ் ரூபாய் நம்ம காசில் கிட்டத்தட்ட இரண்டு ரூபாய். 2021 கடைசியில் ஒன்றே முக்காலுக்குக் கீழே. சம்பளச் சீட்டில் அதே எண், வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது எட்டில் ஒரு பங்கு குறைவு. என் மனைவி, "ஏங்க, அங்க சம்பளத்தைக் கொறைச்சுட்டாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்று நம்பவைக்க மூன்று மாதம் ஆனது.

வந்த பிறகு வேலை குறைந்தால் வேறு கம்பெனிக்கு மாற முடியுமா?

நினைத்தவுடன் முடியாது. பெர்மிட் உங்களை அழைத்த கம்பெனியின் பெயரோடு கட்டப்பட்டது. வேறு கம்பெனி உங்களுக்காகப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அதனால்தான் சம்பளத்தைவிடக் கம்பெனியைப் பார்க்கச் சொல்கிறேன்.

2020-இல் நான் இருந்த கம்பெனியில் (பெயர் வேண்டாம்) எங்களை டார்மிட்டரியில் உட்காரவைத்தார்கள். ஒரு அறையில் எட்டுப் பேர், பகலில் கேரம் போர்டு, சாப்பாடு கம்பெனியுடையது. பேசிக்கூடப் பாதிதான் வந்தது, மீதியைத் தவணையாகக் கொடுத்தார்கள். அப்போது ஒரு வேலை செய்தேன்: சம்பளச் சீட்டு, நேரக் கணக்கு நோட்டு, ஒப்பந்தம் மூன்றையும் படமெடுத்து ஊருக்கு அனுப்பிவைத்தேன். பின்னால் பாக்கிக் கணக்கில் தகராறு வந்தபோது அந்தப் படங்கள்தான் பேசின.

பாஸ்போர்ட்டை கம்பெனி பிடித்துவைத்துக்கொள்வது இங்கே சட்ட விரோதம். "பத்திரமாக வைக்கிறோம்" என்று கேட்டால், பெட்டியில் பூட்டு இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். சம்பளம், தங்குமிடம் பற்றிய புகாருக்குத் தொழிலாளர் அமைச்சகத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. போர்ட் லூயிஸில் இந்தியத் தூதரகம், எல்.ஐ.சி. கட்டடத்தில். இந்தியாவில் வீட்டார் கூப்பிட 1800 11 3090.

பக்கத்தில் ரீயூனியன், தென்னாப்பிரிக்கா இருக்கிறதே?

ரீயூனியன் பிரெஞ்சு மண். பிரெஞ்சுக் குடியுரிமையும் பிரெஞ்சு மொழியும் உள்ள ஆட்களே அங்கே வேலை தேடுகிறார்கள், விட்டுவிடுங்கள். தென்னாப்பிரிக்காவில் வேலையில்லாதோர் 30 விழுக்காட்டுக்கும் மேல். உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று காட்டினால்தான் பெர்மிட். டர்பனில் நிறையத் தமிழர்கள் இருக்கிறார்களே என்று நம்பிப் போகாதீர்கள், அவர்கள் பிள்ளைகளுக்கே வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவின் மற்ற நாடுகளுக்கு நம் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போகின்றன. போர்வெல் தெரிந்தால் அந்த வழியை ஊரிலேயே விசாரிக்கலாம்.

அங்கே தமிழ் பேசினால் புரியுமா?

ரூபாய் நோட்டிலேயே தமிழ் இருக்கிறது. தைப்பூசக் காவடிக்கு நாடு முழுக்க விடுமுறை. ஆனால் பேச்சு கிரியோல்தான், பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் மொழி. காவடி எடுத்து, அலகு குத்தி, தேவாரம் பிசகாமல் பாடுகிற ஆளிடம் போய் "அண்ணா, எந்த ஊரு?" என்றால் சிரித்துவிட்டு பிரெஞ்சில் பதில் சொல்வார். தப்பாக நினைக்காதீர்கள், ஆறு தலைமுறை ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போனால் வாழையிலையில் சோறு போட்டு உட்காரவைப்பார்கள்.

சைட்டுக்குப் பத்துப் பதினைந்து வார்த்தை போதும். "அரேத்" என்றால் நிறுத்து. இது ஒன்று மறந்தால் ஆள் செத்துவிடுவான். "தூஸ்மாங்" மெதுவாக. "கோஸ்" இடது, "த்ருவாத்" வலது. "ரோஸ்" என்றால் பாறை, பூ இல்லை. கீழே என்பதற்கு "அன்பா". வந்த முதல் வாரம் பள்ளத்தில் நின்றிருந்த ஆறடி ஆள் என்னைப் பார்த்து "அன்பா! அன்பா!" என்று கத்தினார். இவ்வளவு பாசமா என்று கையசைத்தேன். பக்கெட்டை இறக்கச் சொல்லியிருக்கிறார்.

வயது 46. எடுப்பார்களா? வரும்போது என்ன எடுத்துவர வேண்டும்?

மெடிக்கலில் தேறினால் எடுப்பார்கள், பொறுமையான ஆபரேட்டரைத்தான் குழாய் வேலைக்குத் தேடுகிறார்கள். புளி, மிளகாய், மசாலா எல்லாம் போர்ட் லூயிஸ் மார்க்கெட்டில் கிடைக்கும், பெட்டியை அதில் நிரப்பாதீர்கள். ஷூவும் ஹெல்மெட்டும் கம்பெனி தரும். நாற்பதைத் தாண்டியவர்கள் கண்ணைக் காட்டி, கண்ணாடி தேவையென்றால் இரண்டாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். கண்ணாடி போட்டால் டிரேட் டெஸ்டில் கழித்துவிடுவார்கள் என்று மறைத்துக்கொண்டு வந்த ஒருவர், இங்கே பள்ளத்தில் கிடந்த நீலக் குழாயை வேர் என்று நினைத்து இழுத்துவிட்டார். ஒரு தெருவுக்கே அன்று சாயங்காலம்வரை தண்ணீர் இல்லை.